அறைக்குள்ளேயே கிடக்கிற பிள்ளையை முற்றத்துக்குக் கொண்டுவருதல்

ரியூசனால் வந்து ஒரு மணித்தியாலம் கதவைச் சாத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிற 16 வயதுப் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்க்கவேண்டியது மாற்றத்தைத்தான். பின்னேரம் மட்டையோடு ஓடினவன் போகாமல் விடுகிறான். அறைக்குள் போன சாப்பாட்டுக் கோப்பை மறுநாள் சோறு காய்ந்தபடி வெளியே வருகிறது. படலையில் கூட்டாளி மணி அடித்தால் "நான் இல்லையெண்டு சொல்லுங்கோ அம்மா" என்கிறான். பொம்பிளைப் பிள்ளை என்றால் இதுவும் கண்ணில் படாது. வீட்டோடு இருக்கிற நல்ல பிள்ளை என்று பெயர் வைத்துவிடுவோம்.

கலண்டரில் 2 கிழமைக்கு நாலு விசயம் குறியுங்கள்: நித்திரை, சாப்பாடு, வெளியே போனது, ஆரோடு கதைத்தது. சோர்வும் எதிலும் விருப்பமின்மையும் அநேகமாக ஒவ்வொரு நாளும் 2 கிழமை நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டவேண்டும். அப்போது இந்தக் குறிப்பும் கையில் இருக்கட்டும்.

சண்டை பிடித்து ராசியாவது, முகத்தைப் பார்த்து மனதை அறிவது, கேலியைத் தாங்குவது எல்லாம் இந்த வயதில் கூட்டாளிமாரிடம் படிக்கிற பாடம். நிதானிக்கவும் முடிவெடுக்கவும் உதவும் முன்மூளை 20 தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒதுங்கினால் அந்தப் பழக்கம் தவறிப்போகும். அதோடு, ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் பயம் சட்டென்று இறங்கும். அந்த நிம்மதியே அடுத்த முறை வெளிக்கிடுவதை இன்னும் கடினமாக்கும்.

"என்ன பிரச்சினை, சொல்லு" என்று முன்னால் இருந்து கேட்டால் "ஒண்டுமில்லை"தான் வரும். பக்கத்தில் இருந்து ஒரு வேலையைச் செய்யுங்கள். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடலாம், முருங்கையிலை உருவலாம். நாளுக்கு 15 நிமிடம், புத்திமதி இல்லாமல். முதல் கிழமை பேச்சே வராமல் போகலாம், வேலையை விடாதீர்கள். பள்ளிக்கூடத்திலோ ரியூசனிலோ ஆரும் துன்புறுத்துகிறார்களா என்பதும் அநேகமாக இந்த நேரத்தில்தான் வெளியே வரும். அப்படியென்றால் முதலில் அதை நிறுத்தவேண்டும்.

அடுத்தது ஒரேயொரு கூட்டாளி. அவன் வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் இருக்கட்டும். பிறகு இருவரும் சந்திக் கடைக்கு, பிறகு வாசிகசாலைக்கு, கடைசியில் மைதானத்துக்கு. போகமுன் பயம் 10க்கு எத்தனை என்று கேளுங்கள். 8 என்றது 4க்கு இறங்கும்வரை அதே படியில் 3, 4 தடவை நில்லுங்கள். இழுத்துக்கொண்டு போய்க் கலியாண வீட்டில் விடுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. நல்லூர்த் திருவிழா 25 நாள்; தேரன்று கூட்டத்துக்குள் தள்ளாமல் ஆரம்ப நாளொன்றில் விடியப் பூசைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு படி தவறினால் முந்தின படிக்குத்தான் இறங்கவேண்டும், முதற்படிக்கு அல்ல. இதற்கிடையில் கனடா மாமாவை வீடியோவில் பிடித்து "இவனுக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்பதை விடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் 9 ஏ எடுத்த கதையையும்தான்.

போனைப் பறிக்காதீர்கள், மிஞ்சின உறவும் அறும். இரவு 10 மணிக்கு எல்லாப் போனும் விறாந்தையில் சார்ஜ் ஏறட்டும், அப்பாவின் போன் உட்பட. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். முதலில் எழும்பும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். பிறகு படுக்கும் நேரத்தை 3 நாளுக்கு ஒருக்கால் 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

விருப்பமான சாமான்களைப் பிறருக்குக் கொடுத்தல், கையில் கீறல், "நான் இல்லாட்டி நல்லது" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று கண்டாலும் படி ஏறுகிற வேலை இல்லை. "சாகவேணும் எண்டு நினைப்பு வருதோ?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு முளைக்காது. தோட்டத்து மருந்துப் போத்தலையும் குளிசைகளையும் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனிய விடாதீர்கள். 1926 இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். சிறுவர் துன்புறுத்தலுக்கு 1929. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆராவது கண்டால் விசர்ப் பட்டம் கட்டுவார்களே என்று பயந்து கிழமைக்கணக்கில் பிந்தாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.