அப்பத்தாவுக்குக் கால் நீவி விடுவது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இப்போது வயதானவர்கள்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கால் நீவி விடுங்கள். அதற்குப் பலம் வேண்டாம். பலசாலிகள்தான் பெரும்பாலும் இதைக் கெடுக்கிறார்கள்.

யாருக்குக் கூடாது

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காய்ச்சல், ஆறாத புண் இருந்தாலும் விட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று கன்றிப்போகும் என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

எண்ணெயும் இடமும்

செக்கு நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன் போதும். அடுப்பில் நேரடியாக வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 'சூடு போதுமா அப்பத்தா?' என்று கேட்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தை ஒட்டிய இடத்தில், நாற்காலி போட்டு அவர்களை உட்கார வையுங்கள். நீங்கள் கீழே தடுக்கில் உட்காருங்கள். மடியில் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை விரித்தால் எண்ணெயும் சிந்தாது, காலும் உறுத்தாது.

நீவும் முறை

1. எண்ணெய் தொடும் முன் இரண்டு பாதங்களையும் சும்மா பிடித்திருங்கள். உங்கள் கைச்சூடு இறங்கட்டும்.

2. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, உள்ளங்கை முழுதும் படும்படி மேல்நோக்கி நீவுங்கள். ஒரு நீவலுக்கு மனதுக்குள் எட்டு வரை எண்ணுங்கள். எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மென்மையான தொடுதலை உணரவென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. முடி உள்ள தோலில்தான் அவை அதிகம். அதனால் உள்ளங்காலோடு நிறுத்திவிடாதீர்கள்.

3. திரும்ப வரும்போது கை தோலை விட்டு எழாமல், இன்னும் லேசாக இறங்கட்டும். புடைத்த ரத்தக் குழாய்கள் மேல் அழுத்தம் வேண்டாம்.

4. கடைசியாகப் பாதம். குதிகாலைக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்க்கலாம். விரல் இடுக்குகளில் எண்ணெய் தேங்க விடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை வரும்.

காலுக்குப் பத்து நிமிடம் தாராளம்.

பேச்சு வந்தால்

பாதி நீவும்போதே சிலர் பழங்கதை எடுப்பார்கள். ஐயா பர்மாவுக்குப் போனது, திரும்பி வந்தது என்று தொடங்கி, திடீரென்று கண் கலங்கும். அப்போது கையை வெடுக்கென்று எடுத்துவிடாதீர்கள். 'அழாதீங்க' என்றும் சொல்ல வேண்டாம். அதே வேகத்தில் நீவிக்கொண்டே 'ம்' கொட்டுங்கள். யோசனை சொல்லத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

மூட்டுத் தேய்மானம் இதனால் சரியாகாது, அப்படிச் சொல்லி ஆசை காட்டாதீர்கள். இறுக்கம் தளரும், தூக்கம் கொஞ்சம் சுலபமாக வரலாம்.

எழுவதற்கு முன்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எண்ணெய்க் கால் வைத்தால் வழுக்கும். பாசிப்பயறு மாவைப் பூசி, ஈரத்துணியால் உள்ளங்காலை இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். சில நிமிடம் உட்கார்ந்த பிறகு, கையைப் பிடித்து எழுப்புங்கள்.