வெளிநாடு கெளம்பும்போது கைக்காசு எவ்ளோ எடுத்துட்டுப் போகணும், எங்க மாத்தணும்

போன வருஷம் எங்க சித்தப்பாவும் சித்தியும் சிங்கப்பூர்ல இருக்கற பொண்ணைப் பாக்க மொதல் தடவையா ஃபிளைட் ஏறினாங்க. டிக்கெட், விசா, பருப்புப்பொடி, ஊறுகான்னு எல்லாம் ஒரு மாசம் முன்னாடியே ரெடி பண்ணிட்டாங்க, காசை மட்டும் ஏர்போர்ட்ல மாத்திக்கலாம்னு விட்டுட்டாங்க. அங்க கவுன்டர்ல சொன்ன ரேட்டுக்கு அப்படியே தலையாட்டிட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க, திரும்பி வந்தப்புறம் அந்த பில்லை நான் வாங்கிப் பாத்தா, அதே டாலரை ரெண்டு நாள் முன்னாடி ஊருக்குள்ள வாங்கியிருந்தா கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபா மிச்சம். பென்ஷன்ல ஓடுற குடும்பத்துக்கு நாலாயிரம்ங்கறது கேஸ் சிலிண்டர், கரன்ட் பில், பால் எல்லாம் சேந்த காசு. யாரும் திருடல, யாரும் ஏமாத்தல, ரேட் போர்டுல எல்லாம் எழுதித்தான் இருந்துச்சு, அதை எப்படிப் படிக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவ்ளோதான். அதனால எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் இங்க எழுதிடறேன், அடுத்து கெளம்பறவங்களுக்கு உதவட்டும்.

மொதல்ல ரேட் போர்டு. அதுல ரெண்டு வரிசை இருக்கும், பை (buy), செல் (sell)னு. இது கடைக்காரர் பக்கத்துல இருந்து எழுதினது. அவர் நமக்கு டாலரை விக்கிற ரேட் செல், நம்மகிட்ட இருந்து வாங்கிக்கிற ரேட் பை. நாம கெளம்பும்போது பாக்க வேண்டியது செல் ரேட். கூகுள்ல வர்ற ரேட் இருக்கே, அது பேங்குகளுக்குள்ள ஓடுற நடு ரேட், அந்த விலைக்கு நமக்கு நோட்டா யாரும் தர மாட்டாங்க, ஆனா அதுதான் நம்ம அளவுகோல். ஒரு பேச்சுக்கு கூகுள்ல சிங்கப்பூர் டாலர் 70 ரூபான்னு வச்சுக்கோங்க, கடையில 70.80ன்னா நல்ல ரேட், தாராளமா வாங்கலாம், 72ன்னா இன்னும் ரெண்டு கடை கேளுங்க, 75ன்னா அங்க இருந்து கெளம்பிடுங்க. 800 டாலர் வாங்கும்போது 70.80க்கும் 75க்கும் நடுவுல 3,360 ரூபா வித்தியாசம். கமிஷன் இல்லன்னு போர்டு வச்சிருப்பாங்க, அதுக்கு மயங்க வேண்டாம், அவங்க லாபம் ரேட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. போன் பண்ணிக் கேக்கும்போது "எல்லாம் சேத்து, கையில 800 டாலர் தர்றதுக்கு மொத்தம் எவ்ளோ ரூபா"ன்னு ஒரே கேள்வியாக் கேளுங்க, மூணு கடைல கேளுங்க, ஒரு கடை சொன்ன ரேட்டை இன்னொரு கடைல சொன்னா சில சமயம் பத்து இருபது பைசா கொறைப்பாங்க.

ஜி.எஸ்.டி ஒண்ணு வரும், அதைப் பாத்துப் பயந்துக்க வேண்டாம். மாத்துற மொத்தக் காசுக்கும் 18 சதவீதம் இல்ல, ஒரு லட்சம் வரைக்கும் அந்தத் தொகையோட ஒரு சதவீதத்தை எடுத்து அதுக்குத்தான் 18 சதவீதம். அதாவது 50,000 ரூபாக்கு மாத்தினா வரி 90 ரூபா. கொறைஞ்சபட்சம் 45 ரூபா. இதுக்கு மேல யாராவது வரின்னு கேட்டா பில்லைக் காட்டச் சொல்லுங்க.

வாங்குற எடம் ஆர்.பி.ஐ லைசென்ஸ் இருக்கற மனி சேஞ்சரா இருக்கணும், இல்ல பேங்கா இருக்கணும். சென்னைல தி.நகர், மவுண்ட் ரோடு, பாரிஸ் பக்கம் எல்லாம் நெறைய லைசென்ஸ் கடைங்க இருக்கு, மத்த பெரிய ஊர்லயும் இருக்கு. தெருவுல நின்னு "டாலர் வேணுமா சார்"னு கூப்பிடறவங்க கிட்ட, ரேட் எவ்ளோ நல்லா இருந்தாலும், போகாதீங்க. பில் கிடையாது, கள்ள நோட்டு வந்தா கேக்க ஆள் கிடையாது, சட்டப்படியும் தப்பு. பில் எதுக்குன்னு கேட்டா, ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் கேட்டா காட்டணும். அந்தப் பேப்பரை பாஸ்போர்ட்டோடவே வச்சுக்கங்க.

கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட், விசா வேணும்னா விசா, டிக்கெட், பான் கார்டு எடுத்துட்டுப் போங்க, ஏ2ன்னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, கையெழுத்துப் போடணும். 50,000 ரூபாக்கு மேல போச்சுன்னா ரொக்கமாக் குடுத்து வாங்க முடியாது, செக்கோ டெபிட் கார்டோ பேங்க் டிரான்ஸ்ஃபரோ பண்ணணும், இது தெரியாம பீரோல இருந்து கட்டா எடுத்துட்டுப் போய் நின்னுட்டுத் திரும்பி வர்றவங்களை நானே பாத்திருக்கேன். ஒரு ஆளு ஒரு பயணத்துக்கு நோட்டா எடுத்துட்டுப் போக 3,000 அமெரிக்க டாலர் அளவு வரைக்கும்தான் தருவாங்க, பெரும்பாலான நாட்டுக்கு இதுதான் கணக்கு, அதுக்கு மேல வேணும்னா ஃபாரெக்ஸ் கார்டுல, அதாவது வெளிநாட்டுக் காசை முன்னாடியே ஏத்தி வச்சுக்கற கார்டுல, ஏத்திக்கலாம். குடும்பமாப் போனா ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனிக் கணக்கு. வருஷத்துக்கு 10 லட்சம் தாண்டினாத்தான், தாண்டின தொகைக்கு டி.சி.எஸ்னு (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) 20 சதவீதம் பிடிப்பாங்க, சாதாரண டூருக்கு வாங்குற கைக்காசுக்கு அது வராது. நம்ம ரூபா நோட்டு 25,000 வரைக்கும் கையில வச்சுக்கிட்டு வெளிய போலாம். நான் எப்பவும் மூவாயிரம் ரூபா தனிக் கவர்ல வச்சிடுவேன், ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து எறங்கும்போது கால் டாக்ஸிக்கும் டீக்கும் ஆகும்.

இப்ப முக்கியமான விஷயம், எந்த ஊரு காசை இங்கயே வாங்கணும், எதை அங்க போய் வாங்கணும். சிங்கப்பூர் டாலர், துபாய் திர்ஹாம், யூரோ, பவுண்ட், அமெரிக்க டாலர் இதெல்லாம் நம்ம கடைங்கள்ல தெனமும் பொரளுது, அதனால ரேட்டும் நெருக்கமா இருக்கும், இங்கயே வாங்கிடுங்க. தாய்லாந்து பாத், வியட்நாம் டாங், இந்தோனேசியா ருப்பையா இதெல்லாம் இங்க கேட்டா வெலை ஏத்தித்தான் சொல்லுவாங்க. அதுக்கு அமெரிக்க டாலரா வாங்கிட்டுப் போய் அங்க மாத்துறதுதான் லாபம். ரெண்டு தடவை மாத்துறோமே நஷ்டம் வராதான்னு கேப்பாங்க, ரெண்டு எடத்துலயும் ரேட் நெருக்கமா இருக்கறதால பெரும்பாலும் வராது, கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துடுங்க. சிங்கப்பூருக்கு இங்கயே வாங்கிட்டுப் போனாலும் அங்க பத்தாமப் போச்சுன்னா கவலைப்பட வேண்டாம், லிட்டில் இந்தியால சிராங்கூன் ரோடு, முஸ்தபா பக்கம் வரிசையா மனி சேஞ்சர்கள், நெறைய எடத்துல தமிழ்லயே பேசலாம், ரூபாவையும் வாங்கிக்குவாங்க. நேபாளம், பூட்டான் தவிர வேற எந்த நாட்டுலயும் ரூபாயை நம்பிப் போகாதீங்க, வாங்கினாலும் அடிமாட்டு ரேட்டுக்குத்தான் வாங்குவாங்க.

டாலர் வாங்கும்போது நோட்டைப் பாத்து வாங்கணும், இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தடவை இங்க ஒரு கடைல வாங்கின நூறு டாலர் நோட்டுல ஓரமா பேனால சின்னதா ஒரு டிக் மார்க், நான் கவனிக்கவே இல்ல, பாங்காக்ல கவுன்டர்ல இருந்த பொண்ணு அதை வெளக்குக்கு நேரா பிடிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுச்சு, அடுத்த கடையிலயும் வாங்கல, ட்ரிப் முழுக்க அந்த நூறு டாலர் சும்மா பர்ஸ்ல தூங்குச்சு. நம்ம ஊர்ல நோட்டுல கணக்கே எழுதினாலும் ஓடிடும், வெளிய அப்படி இல்ல. எழுத்து, சீல், கிழிசல், நடு மடிப்புல நைஞ்சது, பின் குத்தினது எதுவும் வாங்காதீங்க, மாத்திக் கேளுங்க, கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க, அது உங்க காசு. நூறு டாலர் நோட்டுன்னா 2013ல வந்த நீலப் பட்டை போட்ட புது மாடலாக் கேளுங்க, அதுக்கு முன்னாடி வந்ததும் செல்லும்தான், ஆனா தலை சின்னதா அச்சடிச்ச ரொம்பப் பழைய நோட்டை நெறைய கடை வாங்கறதில்ல. அதே மாதிரி பாங்காக்ல நூறு டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், இருபது பத்துக்கு அதைவிடக் கம்மியா ஒரு ரேட்டுன்னு போர்டுலயே தனித்தனியாப் போட்டிருப்பாங்க, அதனால மாத்தத்தான் போறோம்னா பெரிய நோட்டா வாங்குங்க. கம்போடியா மாதிரி டாலரே கடைல ஓடுற நாடுன்னா கதை வேற, அங்க ஒண்ணு, அஞ்சு, பத்துன்னு சில்லறையா வேணும்.

எறங்கின உடனே ஏர்போர்ட்ல முழுசையும் மாத்தாதீங்க. டாக்ஸிக்கும் ஒரு வேளை சாப்பாட்டுக்கும் மட்டும் மாத்திட்டு மிச்சத்தை டவுனுக்குள்ள மாத்துங்க. பாங்காக் சுவர்ணபூமில மட்டும் ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கங்க, வெளிய வர்ற மாடியில இருக்கற பேங்க் கவுன்டரெல்லாம் கம்மி ரேட், லிஃப்ட்ல கீழ ரயில் ஸ்டேஷன் போற தளத்துக்கு எறங்கினா அங்க சூப்பர்ரிச் மாதிரி கடைங்க இருக்கு, டவுன் ரேட்டுக்குப் பக்கத்துலயே தருவாங்க. பாஸ்போர்ட் கேப்பாங்க, கையிலயே வச்சுக்கங்க.

காசை எண்ணுறதுல அவசரமே கூடாது. பாலில குட்டா பக்கம் சின்னச் சின்ன சந்துக் கடைங்கள்ல போர்டுல ரொம்ப நல்ல ரேட் எழுதியிருப்பாங்க. உள்ள போனா சின்ன நோட்டா ஒரு பெரிய கட்டு எண்ணிக் காட்டுவாங்க, நாம எண்ணுவோம், கொஞ்சம் கொறையும், "சாரி"ன்னு வாங்கி அதைச் சரி பண்ணுற மாதிரி மேல நோட்டு வச்சுட்டு, அதே நேரம் அடியில இருந்து நாலஞ்சை மேஜைக்குப் பின்னாடி தள்ளிடுவாங்க, நாம ஒரு தடவை எண்ணியாச்சேன்னு அப்படியே வாங்கி பேக்ல போட்டுட்டு வந்துடுவோம். இதுக்கு ஒரே வழி, கடைசியா எண்ணுற கை நம்ம கையா இருக்கணும், எண்ணின கட்டு திரும்ப அவங்க கைக்குப் போகவே கூடாது. போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து எண்ணுங்க, பின்னாடி க்யூ நின்னாலும் நிக்கட்டும், எரிச்சலாப் பாத்தாங்கன்னா நம்ம டாலரை வாங்கிட்டு வெளிய வந்துடலாம். நம்ம டாலரை அவங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடியே மொத்தம் எவ்ளோ வரும்னு போன்ல போட்டுக் காட்டி ஒத்துக்க வச்சிடணும். கண்ணாடிக் கவுன்டர், பிரின்ட் பில், கேமரா இருக்கற கடையா பாத்துப் போங்க, ரேட் பத்து ருப்பையா கொறைஞ்சாலும் பரவால்ல.

வியட்நாம்ல வேற ஒரு தொல்லை, சைபர் ஜாஸ்தி. 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம், ரெண்டுக்கும் 25 மடங்கு வித்தியாசம், ராத்திரி டாக்ஸில மங்கல் வெளிச்சத்துல மாத்திக் குடுத்துட்டா அவ்ளோதான். பிளாஸ்டிக் நோட்டு வேற, புதுசுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நான் 500,000 எல்லாத்தையும் பர்ஸோட தனி அறைல வச்சுட்டு சின்ன நோட்டை மட்டும் சட்டைப் பையில வச்சுக்குவேன்.

வச்சுக்கற எடம் பத்தியும் சொல்லிடறேன். செக்கின் பெட்டில காசு வைக்கவே கூடாது, ஒரு ரூபா கூட. மூணாப் பிரிச்சுடுங்க, அன்னிக்குச் செலவுக்கு பர்ஸ்ல, மிச்சம் சட்டைக்குள்ள இடுப்புப் பையில, ஒரு நூறு டாலர் மட்டும் யாருக்கும் தோணாத எடத்துல. புருஷன் பொண்டாட்டி போனா ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி இருக்கட்டும், கார்டும் அப்படித்தான். பெரியவங்களை அனுப்பும்போது அவங்க இடுப்புல மொத்தத்தையும் கட்டி அனுப்பாதீங்க, பாத்ரூம் போற எடத்துல கழட்டி வச்சுட்டு வந்துடுவாங்க.

கார்டு பத்தி ரெண்டு வார்த்தை. வங்கி ஆப்ல இன்டர்நேஷனல்னு ஒரு சுவிட்ச் இருக்கும், 2020ல இருந்து புது கார்டுல அது ஆஃப்லதான் வரும், ஊர்லயே ஆன் பண்ணிட்டுப் போங்க, அங்க போய் ஓ.டி.பி வராமத் தவிக்காதீங்க. சாதாரண கார்டுக்கு மூணு மூணரை சதவீதம் மார்க்கப், அதாவது பேங்க் ரேட்டுக்கு மேல போடுற கூடுதல் கட்டணம், இருக்கும், மார்க்கப் இல்லாத கார்டுகளும் இருக்கு, அடிக்கடி போறவங்க ஒண்ணு வாங்கி வச்சுக்கலாம். கடையிலயோ ஏ.டி.எம்லயோ "ரூபால கட்டறீங்களா, உள்ளூர் காசுல கட்டறீங்களா"ன்னு ஸ்க்ரீன்ல கேக்கும், எப்பவும் உள்ளூர் காசுன்னே அமுக்குங்க. ரூபான்னு பாத்ததும் நமக்குப் பழக்கமான கணக்குன்னு மனசு அங்கதான் போகும், ஆனா அந்த மெஷின்காரன் அவன் ரேட்டைப் போட்டு அஞ்சு சதவீதம் கூட உருவிடுவான். தாய்லாந்து ஏ.டி.எம்ல ஒவ்வொரு தடவை எடுக்கறதுக்கும் 220 பாத்தும் அதுக்கு மேலயும் அந்த ஊரு பேங்க் பிடிக்கும், எடுத்தா ஒரே தடவையாப் பெருசா எடுங்க. இலங்கைல 2024 பிப்ரவரில இருந்து நம்ம யு.பி.ஐ ஸ்கேன் பண்ண முடியுது, பெரிய கடைங்கள்ல உதவும், ஆட்டோக்கும் தேங்கா தண்ணிக்கும் கைக்காசுதான்.

திரும்பும்போது நாணயமா இருக்கற சில்லறையைப் பெரும்பாலும் எந்த மனி சேஞ்சரும் வாங்க மாட்டாங்க, கடைசி நாள் தண்ணி பாட்டில், சாக்லேட்னு அதுலயே தீத்துடுங்க. நோட்டா மிச்சம் இருந்தா 2,000 அமெரிக்க டாலர் அளவு வரைக்கும் வீட்லயே வச்சுக்கலாம், அதுக்கு மேல இருந்தா 180 நாளுக்குள்ள வித்துடணும். நோட்டா 5,000 டாலருக்கு மேல கொண்டு வந்தா மட்டும் ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணணும். விக்கிறதா இருந்தா வாங்கின கடைக்கே பில்லோட போங்க, கொஞ்சம் நல்ல ரேட் குடுப்பாங்க. சித்தி கொண்டு வந்த 60 சிங்கப்பூர் டாலரை நான் விக்க விடல, கவர்ல போட்டு மேல தேதி எழுதி அவங்க பாஸ்போர்ட்டோட பீரோல வச்சாச்சு, வர்ற தை மாசம் பேரனுக்கு மொட்டை போட மறுபடி அவங்க போகணும், டாக்ஸிக்கு அது போதும்.