தூர ஜூம் உள்ள சின்ன கேமராவை வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

குளிர்காலம் வந்துவிட்டால் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலையின் இருபக்கமும் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். போனில் எடுத்தால் எல்லாம் வெள்ளைப் புள்ளிதான். அதனால்தான் ஆரம்பாக்கம், தடா பக்கத்துப் பிள்ளைகள் "அண்ணா, பாக்கெட்டில் போடுகிற மாதிரி ஜூம் கேமரா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். கடையிலோ, விற்கிறவர் வீட்டிலோ காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும், நீங்களே சோதித்துவிடலாம். கையோடு உங்கள் மெமரி கார்டு ஒன்றை எடுத்துப் போங்கள்.

படி 1: எக்ஸ் வேண்டாம், மி.மீ. பாருங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் 30எக்ஸ் என்பது ஒரு விகிதம், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்வது லென்ஸின் மி.மீ. அளவு, அது கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். சோனி எச்எக்ஸ்99 24 மி.மீ.யில் தொடங்கி 720 வரை போகிறது, அதனால் 30எக்ஸ். கேனன் எஸ்எக்ஸ்740 24-இல் தொடங்கி 960 வரை, அதாவது 40எக்ஸ். (இவை 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் சொல்லப்படும் அளவுகள்.) ஏரிக்கரையில் நின்று பறவை எடுக்க 600க்குக் குறைந்தால் ஏமாற்றம்தான் என்பது என் கருத்து. 250-இல் முடிகிற கேமரா கோயில் கோபுரத்துக்கு அருமையாக இருக்கும், பூநாரைக்கு எட்டாது.

படி 2: டிஜிட்டல் ஜூமை அணையுங்கள்

ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது லென்ஸை அல்ல, வெட்டிப் பெரிதாக்கிய படத்தை.

படி 3: போர்டு சோதனை

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தெருக்கோடியில் இருக்கிற ஒரு கடை போர்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பக்கம் தெலுங்கும் தமிழும் சேர்ந்தே எழுதியிருப்பார்கள், இரண்டிலும் சுழி அதிகம் என்பதால் படம் கொஞ்சம் கலங்கினாலும் சட்டென்று தெரிந்துவிடும். கேமராவைச் சுவரில் அழுத்தி வைத்து, இரண்டு வினாடி டைமர் போட்டு, ஜூமை முழுக்க நீட்டி ஒரு படம். அப்புறம் அதே இடத்தில் ஜூமை மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைத்து இன்னொரு படம்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இரண்டையும் திறந்து, குறைந்த ஜூம் படத்தைப் பெரிதாக்கி மற்றதோடு ஒப்பிடுங்கள். முழு ஜூம் படத்தில் எழுத்தின் உட்சுழி கூடுதலாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்தக் கடைசிப் பங்கு ஜூம் பெட்டியில் அச்சடிக்க மட்டும்தான். போர்டின் இடது ஓரம் கூர்மையாகவும் வலது ஓரம் மங்கலாகவும் இருந்தால் போர்டுக்கு நேராக நின்று இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் லென்ஸ் உள்ளே சாய்ந்திருக்கிறது, அந்தக் கேமராவே வேண்டாம்.

இதைக் காலையிலேயே செய்யுங்கள். உச்சிவெயிலில் தார்ரோட்டின் மேலும் தண்ணீரின் மேலும் கானல் அலையும், எந்த லென்ஸ் ஆனாலும் படம் நெளியும், பழி மட்டும் கேமராவின் மேல் விழும்.

படி 4: வெளிச்சம்

எஸ்எக்ஸ்740 லென்ஸ் தொடக்கத்தில் எஃப்3.3, முழு ஜூமில் எஃப்6.9. (எஃப் எண் கூடினால் லென்ஸ் உள்ளே விடும் ஒளி குறையும்.) அதாவது ஜூம் நீளும்போது உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் ஒளியைப் பிடிக்கும் சென்சார் 6.2 × 4.6 மி.மீ. அளவுதான், விரல் நகத்தைவிடச் சின்னது. ஆகவே மெகாபிக்சல் கூடினால் தூரப் படம் கூர்மையாகும் என்று நம்பாதீர்கள். மாலை ஐந்தரை மணிக்கு நகர்கிற ஒன்றை, ஒரு சைக்கிளையோ காக்கையையோ, ஷட்டர் 1/500-இல் (ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு) வைத்து எடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி குறையும்போது கேமரா கூட்டிக்கொள்ளும் உணர்திறன்) எவ்வளவுக்கு ஏறுகிறது, அங்கே இறகு இறகாகத் தெரிகிறதா, பூசிய சாயம்போல ஆகிவிடுகிறதா என்று பாருங்கள். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிக்கட்டும், பறவையின் அசைவை நிறுத்தாது.

படி 5: வெள்ளை

வெயிலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டு எடுங்கள். மடிப்புகள் தெரியாமல் ஒரே வெள்ளையாக வெளுத்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, -0.7க்கு இறக்கி மறுபடி எடுங்கள். பூநாரையின் இளஞ்சிவப்பு மிக மெல்லியது, கொஞ்சம் ஒளி கூடினாலும் போய்விடும். இப்படி இறக்குவதற்குக் கையருகே பட்டனோ வளையமோ இல்லாமல் மெனுவுக்குள் நாலு தடவை போக வேண்டியிருந்தால், பறவை பறந்தபிறகுதான் கேமரா தயாராகும்.

படி 6: பறவையைக் கண்டுபிடிக்க முடிகிறதா?

முழு ஜூமில் வானத்தில் ஒரு கூழைக்கடாவைத் தேடிப் பாருங்கள், அப்போது புரியும். வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்) உள்ள கேமராவைக் கண்ணில் ஒட்டிப் பிடிக்கலாம், கையும் ஆடாது, வெயிலில் திரை தெரியாத தொல்லையும் இல்லை. எச்எக்ஸ்99-இல் அது உண்டு, எஸ்எக்ஸ்740-இல் கிடையாது. திறந்த ஏரிக்கு நான் இதைத்தான் முதலில் கேட்பேன்.

படி 7: பழைய கேமரா என்றால்

நீண்டு சுருங்கும் லென்ஸ் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும், கடற்கரை மணல் இன்னும் மோசம். ஜூமை நீட்டி, எஃப்8-இல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் தூசி உள்ளே போய்விட்டது. வெளியே துடைத்துப் போகாது, பிரித்துத்தான் எடுக்க வேண்டும். நீட்டும்போது நறநறவென்று சத்தம் வருகிறதா என்றும் காதை வைத்துக் கேளுங்கள். வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.