மான் மண்டையோட்டைச் சுத்தம் செய்து சுவரில் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் வெண்வால் மான் வேட்டையும் தொடங்கிவிடும். இறைச்சி ஃப்ரீசருக்குப் போய்விடும். கொம்போடு இருக்கும் தலையை என்ன செய்வது என்ற கேள்விதான் மிஞ்சும். தோலோடு பதப்படுத்தித் தர ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம். அதனால் பலர் தோல், சதை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மண்டையோட்டைக் கொம்புகளோடு அப்படியே மாட்டிவிடுகிறார்கள். இதை ஐரோப்பிய மவுண்ட் என்கிறார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சின்ன ரோ மானின் மண்டையோட்டை மரப்பலகையில் பொருத்தி மாட்டுவது நெடுநாள் வழக்கம்.

இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கெட்டுப்போனவற்றை எடுத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: சீக்கிரம் வெள்ளையாக்க வேண்டும் என்ற அவசரம். எலும்பு வெள்ளையாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. எலும்புக்குள் ஊறியிருக்கும் கொழுப்பு வெளியே வராத வரை, மேலே எதைப் பூசினாலும் சில மாதங்களில் மஞ்சள் தட்டும். ஓர் உயிரை எடுத்த பிறகு அதன் தலையைப் பாதி வேலையில் பாழாக்குவது சரியில்லை என்பது என் எண்ணம்.

கத்தியை எடுக்கும் முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். மான் இனங்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நலிவு நோய் 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. 2016இல் நார்வேயின் காட்டுக் கலைமானிலும் கண்டறியப்பட்டது. இதற்குக் காரணம் பிரியான் என்ற உருத்திரிந்த புரதம். அது மூளையிலும் தண்டுவடத்திலும் அதிகமாக இருக்கும், கொதிக்க வைத்தால் அழியாது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மனிதருக்குத் தொற்றியதாக உறுதி இல்லை என்றாலும், வெறும் கையால் மூளையை வழிப்பதும், கழிவைத் தோட்டத்தில் கொட்டுவதும், சமையல் பானையையே இதற்குப் பயன்படுத்துவதும் கூடாது. கையுறை போடுங்கள். இந்த வேலைக்கென்று தனிப் பானை வையுங்கள். உங்கள் பகுதியில் நோய்ப் பரிசோதனை உண்டு என்றால் முடிவு வரும் வரை தலையை உறைய வைத்துக் காத்திருங்கள். நோய் உள்ள பகுதியிலிருந்து மூளையோடு கூடிய முழுத் தலையை வெளியே கொண்டுபோகப் பல மாநிலங்களும் மாகாணங்களும் தடை விதித்திருக்கின்றன. சுத்தம் செய்த மண்டையோட்டுக்கு மட்டும் அனுமதி இருக்கும். எல்லை தாண்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை இப்போது தடை செய்யப்பட்டிருக்கிறது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் புள்ளிமான் கொம்பை எடுத்து வீட்டில் வைத்தாலும் குற்றம்தான். தாத்தா காலத்துத் தலை ஒன்று வீட்டுச் சுவரில் இருந்தால் அதற்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். தோலோடு பதப்படுத்திய பழைய தலைகளில் ஆர்சனிக் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சும்மா துணியால் தட்டித் துடைக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தோலை உரித்து, கண், நாக்கு, கீழ்த்தாடை, பெரிய சதைகள் எல்லாவற்றையும் கத்தியால் எடுத்த பிறகுதான் தண்ணீருக்கே போக வேண்டும். தோலோடு பானையில் போட்டால் முடியும் பசையும் எல்லா இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து ஒரு நாளாவது பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்ற வேண்டும். பலர் தாண்டிப் போகும் படி இது. ரத்தம் உள்ளே இருக்கும்போதே சூடாக்கினால் எலும்பு கருத்துப்போகும், பிறகு வெளுக்க வைப்பது பெரும்பாடு.

அப்புறம்தான் அடுப்பு. அதிகம் கெடுவதும் இங்கேதான். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். மான் மண்டையோட்டில் மூக்கெலும்புகள் காகிதம்போல மெல்லியவை, தையல் போன்ற இணைப்புகளால்தான் மற்ற எலும்புகளோடு சேர்ந்து நிற்கின்றன. கடும் கொதியில் அந்த இணைப்புகள் விடும், பற்கள் கழலும், உருகிய கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கும். தண்ணீர் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி, மேலே லேசாக நடுங்குகிற அளவில் இருந்தால் போதும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வெந்த சதையை மொட்டைக் கத்தியால் சுரண்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வையுங்கள். பழைய தண்ணீரில் மிதக்கும் கொழுப்புக்குள் திரும்பத் திரும்ப முக்குவதில் லாபம் இல்லை. சதை இளக, சலவை சோடா கொஞ்சம் போடலாம். அளவு மீறினால் அது எலும்பையே அரிக்கும். கொம்பின் அடிமுண்டு தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் நிறம் வெளுத்துக் கோடு விழும். முண்டைச் சுற்றி அலுமினியத் தாளும் டேப்பும் சுற்றிவிடுவது நல்லது.

மூளையைப் பின்பக்கத் துளை வழியாக வளைந்த கம்பியாலும் தண்ணீராலும் மெதுவாகக் கலக்கி எடுங்கள். பிரஷர் வாஷர் வைத்து அடிப்பதைப் பலர் சொல்லித் தருவார்கள். வேகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூக்கின் உள்சுருள் எலும்புகள் ஒரே வீச்சில் பறந்துவிடும், மூளைத் துளிகள் உங்கள் முகத்திலேயே தெறிக்கும். மேலே சொன்ன நோயை நினைத்தால் நான் அதைச் சொல்லித் தர மாட்டேன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பானைத் தண்ணீரைக் கொட்டும்போது சல்லடை வழியாகக் கொட்டுங்கள். விழுந்த பல்லும் எலும்புத் துண்டும் அதில்தான் கிடைக்கும். காய்ந்த பிறகு வெள்ளை மரப்பசையால் அவற்றை ஒட்டிவிடலாம்.

இப்போது கொழுப்பு. சதை போனதும் மண்டையோடு பார்க்கச் சுத்தமாகத் தெரியும், அந்தக் கணத்தில்தான் பலர் வெளுக்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் மாற்ற வேண்டும், கலங்காமல் தெளிவாக நிற்கும் வரை தொடர வேண்டும். மானுக்குச் சில நாட்களில் முடியலாம், சில வாரமும் ஆகலாம். கரடி, காட்டுப்பன்றி போன்ற கொழுப்பு மிகுந்த விலங்குகளுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஊற வைத்து எடுத்துக் காய்ந்த எலும்பில் கண்ணாடிபோல மினுங்கும் திட்டுகள் தெரிந்தால், உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது என்று பொருள். சீக்கிரம் முடிக்க அசிட்டோனோ பெட்ரோலோ தொட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் அதைச் செய்வது தீயோடு விளையாடுவது.

பிளீச் பக்கமே போக வேண்டாம். துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் எலும்பின் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கும். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம்தான், எலும்பைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். பிளீச் போட்ட மண்டையோடு முதல் வாரம் பளிச்சென்று இருக்கும். பிறகு மேற்பரப்பு சுண்ணாம்புபோல உதிரும், மஞ்சளும் திரும்பும். கழுவிவிட்டாலும் அரிப்பு உடனே நிற்காது. அதற்கு மேல் வினிகரையும் சேர்த்துவிட்டால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலே வேலை செய்யும், நேரம்தான் ஆகும். சலூன் பொருள்கள் விற்கும் கடைகளில் 40 வால்யூம் என்று விற்கும் க்ரீம் 12 சதவீதம். அதை பிரஷால் தடவி, பிளாஸ்டிக் உறையால் மூடி ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் போதும். 35 சதவீதக் கரைசல் தோலைச் சுட்டுவிடும், அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெராக்சைடை அடுப்பில் கொதிக்க வைக்கக் கூடாது, இறுக்கி மூடிய பாத்திரத்தில் வைக்கவும் கூடாது, வாயு சேர்ந்து வெடித்துவிடும். உலோகப் பாத்திரமும் வேண்டாம். கொம்பில் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் வெளிறிப்போகும். ஈரமாக இருக்கும்போது நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள், காய்ந்த பிறகு பாருங்கள். எலும்பின் இயல்பான நிறம் இளம் தந்த நிறம்தான், சுவர்ச் சுண்ணாம்பின் வெள்ளை அல்ல.

அடுப்பே இல்லாமல் செய்ய நினைப்பவர்கள் மண்ணில் புதைக்கிறார்கள். எலும்பில் பழுப்புக் கறை ஏறும், கொம்பை எலி கொறிக்கும், சில நேரம் நரி தோண்டிக்கொண்டு போய்விடும். எலும்பில் ஒட்டிய சதையைத் தின்று சுத்தம் செய்ய அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் டெர்மெஸ்டஸ் வண்டுகள் அருமையாக வேலை செய்கின்றன, ஆனால் தப்பித்தால் வீட்டின் கம்பளியையும் தோல் பொருள்களையும் தின்னும், ஆகவே வீட்டுக்குள் வேண்டாம். தண்ணீரில் அழுக விடுவது எலும்புக்கு மிக மென்மையான வழி. நாற்றத்தை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி.

எல்லாக் கொம்பும் ஒன்றல்ல. மான் கொம்பு முழுக்க எலும்பு. காட்டு ஆடு, காட்டுச் செம்மறி, இரலை போன்றவற்றின் கொம்பு எலும்பு நடுத்தண்டின் மேல் ஏறிய நகப்பொருள் உறை. அந்த உறையைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யாமல் மாட்டினால், உள்ளே இருக்கும் திசு அழுகி நாறும், பூச்சியும் வரும். காட்டுப்பன்றியின் கோரைப் பற்கள் சூட்டில் கீறல் விடும். அவற்றைத் தனியே எடுத்து, உள்ளே மெழுகோ எபாக்சியோ நிரப்பி, பிறகு பொருத்துவார்கள்.

கடைசியில் சுவர். வட அமெரிக்க வீடுகளின் ட்ரைவால் ஜிப்சம் பலகைதான். அதில் வெறும் ஆணி அடித்து மாட்டியது ஒரு நாள் விழும், விழும்போது முதலில் உடைவது மூக்குதான். பின்னால் நிற்கும் மரச் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் ஸ்க்ரூ ஏற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருக்கும். வெண்வால் மானுக்கே இது வேண்டும் என்றால், கொம்புகள் மட்டுமே 18 கிலோ வரை போகக்கூடிய எல்க் மானுக்குச் சொல்லவே வேண்டாம். செங்கல் சுவரானால் துளையிட்டு பிளக் வைத்து முறுக்குங்கள்.

கதவு ஓரத்திலும், நடைபாதையிலும், குழந்தைகள் ஓடும் இடத்திலும் கொம்பு நுனி கண் உயரத்தில் இருக்கக் கூடாது. கணப்படுப்புக்கு நேர் மேலே மாட்டுவது பலருக்குப் பிடிக்கும். அங்குள்ள சூட்டில் மிச்சக் கொழுப்பு கசிந்து மஞ்சள் இறங்கும். நேர் வெயில் கொம்பின் நிறத்தை வெளுக்கச் செய்யும், ஈரமான அடித்தளத்து அறையில் பூஞ்சை பிடிக்கும். பளபளக்கும் வார்னிஷும் வேண்டாம், அது காலப்போக்கில் மஞ்சளாகி உரிந்து வரும். பூச்சு வேண்டும் என்றே தோன்றினால் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஒரு கை மெல்லியதாகத் தடவுங்கள். அதையும் கொழுப்பு முழுதாக நீங்கி, எலும்பு நன்றாகக் காய்ந்த பிறகே செய்யுங்கள்.