அம்பாசிடருக்குத் தூணும் ஜன்னலும்: பிளெண்டரில் புதிதாகப் பழகுபவர்களுக்கு

கணினியில் முப்பரிமாண உருவங்கள் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் கார் செய்யப் பழகுகிறவர்கள் பலரும் பானட், சக்கரம், கிரில் எல்லாம் அழகாக முடித்துவிட்டு ஜன்னல் பகுதிக்கு வந்ததும் திணறிப் போகிறார்கள். முதலில் ஜன்னல்களுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண்களை (பில்லர்) நிறுத்துங்கள். அவை சரியாக நின்றால் நடுவில் மிஞ்சுகிற இடமே ஜன்னல். ஜன்னலை முதலில் வெட்டினால் தூண்கள் ஆளுக்கொரு பருமனில் கோணிக்கொண்டு நிற்கும்.

பழக அம்பாசிடரே நல்ல வண்டி. 2014இல் தயாரிப்பு நின்றுவிட்டது, ஆனாலும் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் விசாரித்தால் யார் வீட்டுக் கொட்டகையிலாவது ஒன்று இருக்கும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் கதவுகள் பெருத்து, முன்னும் பின்னும் சிறுத்துவிடும், அதை வைத்து வரைந்தால் எல்லாத் தூணும் தப்பாகத்தான் வரும். சம்பா அறுப்பு முடிந்த சமயமாக இருந்தால் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வயலில் இறங்கி நாற்பது அடி தள்ளிப் போய், ஜூம் செய்து எடுக்கலாம். ரோட்டைவிட வயல் தாழ்வு என்பதால் நின்றபடி எடுத்தாலே கேமரா கதவுக் கைப்பிடி உயரத்துக்கு வந்துவிடும்.

படத்தைப் பக்கவாட்டுப் பார்வையில் வைத்து, முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவே 2.464 மீட்டர், அதாவது 97 அங்குலம், இருக்கும்படி பெரிதாக்குங்கள். மறுபக்கத்தைத் தானாக உருவாக்கும் மிரர் மாடிஃபையர் போட்டு ஒரு பக்கம் மட்டும் செய்தால் போதும்.

இப்போது ஜன்னலின் அடிக்கோடு, கூரைக்கோடு இரண்டையும் இழுத்துவிட்டு மூன்று தூண்களை நடுங்கள். முன்கண்ணாடியை ஒட்டிய ஏ பில்லர் பின்பக்கம் சாயும், பின்னால் இருக்கும் சி பில்லர் முன்பக்கம் சாயும், நடுவில் பி பில்லர் ஏறக்குறைய நேராக நிற்கும். முன்னால் இருந்து பார்க்கும்போதும் ஒரு சாய்வு உண்டு, அடிக்கோட்டைவிடக் கூரைக்கோடு உள்ளே தள்ளியிருக்கும். இதை விட்டுவிட்டால் என்ன செய்தாலும் வண்டி பெட்டி மாதிரிதான் தெரியும்.

பி பில்லரைக் கவனமாகப் பாருங்கள். கதவு சாத்தியிருக்கும்போது வெளியே தெரிவது பெரும்பாலும் தூண் கிடையாது, இரண்டு கதவுகளின் சட்டங்களும் அவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய இடைவெளியும்தான். முன்கதவின் பூட்டு மாட்டுவதும் பின்கதவின் கீல் உட்காருவதும் உள்ளே மறைந்திருக்கிற தூணில். ஒரே தடித்த பட்டையாக வரைந்தால் உயிர் இருக்காது.

அடுத்து கண்ணாடி. அந்தக் காலத்துக் கதவுக் கண்ணாடி தட்டையானது. வளைந்த பக்கக் கண்ணாடி அமெரிக்காவின் இம்பீரியல் காரில் 1957இல்தான் வந்தது. ஏற்றி இறக்கும் கண்ணாடி நேராகக் கதவுக்குள் இறங்க வேண்டும் என்றால் அதன் இரு ஓரமும் இணையாக இருக்க வேண்டும். ஏ பில்லரோ சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை வாங்கிக்கொள்ளத்தான் முன்கதவில் ஒரு கம்பி நிறுத்தி, அதற்கு முன்னால் சின்ன முக்கோணக் கண்ணாடி. பின்கதவின் கீழ்ப்பாதியைச் சக்கர வளைவு கடித்துவிடுவதால், பழைய நான்கு கதவு வண்டிகள் பலவற்றில் அங்கேயும் ஒரு கம்பி நிறுத்திப் பின்துண்டை அசையாமல் வைத்திருப்பார்கள். காரணம் புரிந்துவிட்டால் கம்பியை எங்கே வைப்பது என்று கை தானாகச் சொல்லும்.

ஜன்னல் ஓரக் கோடுகளைத் தேர்ந்து, ஷிஃப்ட் டி அழுத்தி நகல் எடுத்து, பி (P) அழுத்திப் பிரித்து, பிரிந்ததை எடிட் மோடில் திறந்து கோடுகளைத் தேர்ந்து, எஃப் (F) அழுத்தி நிரப்புங்கள். டிரான்ஸ்ஃபார்ம் ஓரியன்டேஷனை நார்மலில் வைத்து இசட் திசையில் அளவை 0 ஆக்கினால் கண்ணாடி சாய்வோடு சேர்ந்து தட்டையாகிவிடும். சட்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நடுவில் கறுப்பாக ரப்பர் பீடிங் கொடுங்கள்.

ஜன்னல் மூலைகளில் குறைந்தது மூன்று எட்ஜ் (விளிம்புக்கோடு) இருந்தால்தான், பரப்பை வழுவழுப்பாக்கும் சப்டிவிஷன் போட்ட பிறகும் வளைவு அதே அளவில் நிற்கும். பரப்புக்குத் தடிமன் கொடுக்கும் சாலிடிஃபை மாடிஃபையரில் தடிமனைக் குறைவாக வையுங்கள், அந்தக் காலத் தூண்கள் இன்றைய கார்களை விட ஒல்லியானவை.

அப்புறம் கதவுகளுக்கு மேலே கூரை ஓரமாக ஓடுகிற மழைத்தண்ணீர்க் காடி. ஐப்பசி மழையில் ஜன்னலை லேசாக இறக்கினாலும் கூரைத் தண்ணீர் மடியில் கொட்டாமல் இருந்தது அதனால்தான். ஏ பில்லர் அடியில் தொடங்கி சி பில்லர் வரை ஒரே கோடாக, வெட்டு விழாமல் இழுங்கள்.