மூத்த ராக் கலைஞர்களும் ஆஸ்பத்திரி வாசல் கேமராக்களும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிட்செல் கோமாவில் கிடக்கிறார் என்று 2015 ஏப்ரல் 28 அன்று டிஎம்இசட் என்ற அமெரிக்க கிசுகிசுத் தளம் செய்தி போட்டது. அவருக்கு அப்போது வயது 71. நான்கு வாரம் முன்பு லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் நினைவு தப்பிக் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், மூளை ரத்தக்குழாயில் அனியூரிசம், அதாவது குழாயின் சுவர் பலூன் மாதிரி வீங்குவது. டிஎம்இசட் ஆதாரமாகக் காட்டியது ஒரு கோர்ட் மனுவை. மனு இருந்தது நிஜம். அதை எப்படிப் படித்தார்கள் என்பதில்தான் கோளாறு. அன்றைக்கே அவருடைய அதிகாரபூர்வ தளத்தில் மறுப்பு வந்தது: கோமா இல்லை, விழிப்போடு இருக்கிறார், பேசுவதைப் புரிந்துகொள்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய பராமரிப்பு பற்றி முடிவெடுக்க நீண்டகாலத் தோழி ஒருவருக்கு அதிகாரம் தருவதற்கான ஆவணம் அது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் உலகம் முழுக்க ரசிகர்கள் பழைய பாட்டுகளைப் பகிர்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் மேடையேறினார். 2024 பிப்ரவரியில், 80 வயதில், கிராமி விழாவில் பாடினார்.

நாம் முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான். ஒரு காகிதத்தின் படம் செய்தியோடு வந்துவிட்டால் சரி, இது வதந்தி இல்லை என்று மனசு சமாதானம் ஆகிவிடுகிறது. கோர்ட் மனு, ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவு, ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த படம், எல்லாம் இந்த வகை. ஆம்புலன்ஸ் வந்தது என்றால் ஆம்புலன்ஸ் வந்தது என்றுதான் அர்த்தம். என்ன வியாதி, எவ்வளவு நாள் தாங்குவார் என்பதெல்லாம் அதில் கிடையாது, அதை எழுதுகிறவர் தானாகச் சேர்ப்பது. ‘நெருங்கிய வட்டாரங்கள்’ என்று வரும் இடங்களிலும் இப்படித்தான் படிக்க வேண்டும். குடும்பத்தில் யார் சொன்னார், பெயர் இருக்கிறதா, அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது அவசரம். அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டி 2017 அக்டோபர் 2 அன்று கலிஃபோர்னியாவில் மலிபு வீட்டில் இதயத் துடிப்பு நின்று விழுந்தார். சிபிஎஸ் போன்ற பெரிய அமெரிக்க டிவி நிறுவனமே அவர் இறந்துவிட்டார் என்று அறிவித்தது. தகவலை போலீஸ் தரப்பு உறுதி செய்ததாகச் சொன்னார்கள், அப்புறம் போலீஸ் அது தவறு என்று பின்வாங்கியது. அந்த நேரத்தில் பெட்டி ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார், குடும்பம் பக்கத்தில் இருந்தது. இரவு 8.40க்குத்தான் இறந்தார். அந்த இடைப்பட்ட மணி நேரங்களை நினைத்துப் பாருங்கள். அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், கையிலிருக்கும் போனில் அவருக்கு அஞ்சலி வந்து குவிகிறது. அவருடைய மகள் ஒருவர் அன்று இன்ஸ்டாகிராமில் கொதித்துப்போய் எழுதினார், அதில் ஒரு நியாயமும் குறையவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் முதல் ஆளாக ‘ஆழ்ந்த இரங்கல்’ போடுவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. மறுநாள் காலையில் போட்டாலும் அந்த இரங்கல் இரங்கல்தான்.

இதெல்லாம் பொய்ச் செய்திகள், அதனால் கண்டிப்பது சுலபம். மிகச் சிக்கலான தவறு வேறு ஒன்று, நல்ல ரசிகர்கள்கூட செய்வது: ‘எழுதினது உண்மைதானே, அப்புறம் என்ன?’ என்று கேட்பது.

பீட்டில்ஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் கடைசி ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைப் புற்றுநோய்க்கு முன்பே சிகிச்சை எடுத்தவர். 1999 டிசம்பர் 30 அன்று ஹென்லி-ஆன்-தேம்ஸ் ஊரில் இருக்கும் அவருடைய வீட்டுக்குள் ஒருவன் புகுந்து கத்தியால் குத்தினான், நுரையீரலில் காயம். 2001இல் புற்றுநோய் நுரையீரலுக்கு வந்தது, சிகிச்சைக்காக சுவிட்சர்லாந்து போனார். அந்த ஜூலையில் மெயில் ஆன் சண்டே பத்திரிகை, ஹாரிசன் சாகப்போகிறார், அது அவருக்கே தெரியும் என்ற பொருளில், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னதாக எழுதியது. ஹாரிசனும் மனைவியும் அது ஆதாரமற்றது, தேவையற்றது என்று அறிக்கை விட்டார்கள். மார்ட்டின் தரப்பும் மறுத்தது. நான்கு மாதம் கழித்து, நவம்பர் 29 அன்று, 58 வயதில் ஹாரிசன் இறந்தார்.

பத்திரிகை சரியாகத்தானே சொன்னது என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: சரியாகச் சொல்லவில்லை. ஒருவர் எப்போது சாவார் என்பதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் போட யாருக்கும் உரிமை கிடையாது, அது பலித்தாலும் கிடையாது. நோயாளிக்கு நம்பிக்கை என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. எவ்வளவு நம்புவது, யாரிடம் எதைச் சொல்வது, பிள்ளைக்கு எப்போது தெரிவது என்பதெல்லாம் அவர் ஒருவர் கையில் இருக்க வேண்டிய விஷயங்கள். அதை மூன்றாவது ஆள் எடுத்து ஊருக்கு அறிவித்துவிட்டால், நோயோடு போராடுகிறவர் அறிக்கை எழுத உட்கார வேண்டியிருக்கிறது.

அதோடு நிற்கவும் இல்லை. நியூயார்க்கில் சிகிச்சை கொடுத்த டாக்டர் ஒருவர் மேல் ஹாரிசன் குடும்பம் 2004 ஜனவரியில் வழக்குப் போட்டது. நடக்கவே முடியாமல் கிடந்தவரிடம் டாக்டரின் மகனுடைய கிட்டாரில் கையெழுத்து வாங்கினார், நோயாளியைப் பற்றி ஊடகங்களில் பேசினார் என்பது புகார். டாக்டர் தரப்பு தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் சமரசம் ஆனது, அந்தக் கிட்டார் யார் கையிலும் போய் விற்பனைக்கு வராதபடி முடிவு செய்தார்கள். புகழ்பெற்றவர் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவரைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. அந்த விலையைக் கொடுப்பது கடைசியில் படிக்கிற நாம்தான், ஒவ்வொரு கிளிக்காக.

பிளாக் சபாத் இசைக்குழுவின் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் விஷயத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசிக் கச்சேரி செய்தார். பார்க்கின்சன் நோய் என்பதை 2020லேயே அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். கச்சேரி முடிந்த சில நாளில், நான் சாகப்போகிறேன் என்று அவரே பேசுவதுபோல ஏஐயில் செய்த வீடியோ ஒன்று சுற்றியது. மகள் கெல்லி கடும் கோபத்தில், அப்பாவால் முன்போல நடக்க முடியவில்லை, ஆனால் சாகக் கிடக்கவில்லை, உங்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஜூலை 22 அன்று ஓசி இறந்தார், வயது 76. உடனே கெல்லியின் அந்தப் பழைய பதிவுக்குக் கீழே போய் ‘பொய் சொன்னாய்’ என்கிற தொனியில் எழுதுவது எவ்வளவு பெரிய கொடுமை! போலி வீடியோ செய்தவன் தீர்க்கதரிசி ஆகிவிட மாட்டான்.

ஓசி குடும்பத்தைப் பற்றிப் பேசினால் இன்னொரு வாதமும் வரும். 2002இல் ரியாலிட்டி ஷோவுக்காக எம்டிவி கேமராவை வீட்டுக்குள் விட்டவர்கள்தானே, இப்போது என்ன அந்தரங்கம்? ஒருமுறை ஒரு கதவைத் திறந்தவர் எல்லாக் கதவையும் எப்போதைக்குமாகத் திறந்ததாக ஆகாது. அன்று ஒப்பந்தம் போட்டு, எதைக் காட்டுவது என்று பேசி, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார்கள். பிறகு படுக்கையறை ஜன்னலுக்கு நேராக லென்ஸ் வைப்பவன் எதையும் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிராக, மறைத்தால் குற்றம் என்று நினைப்பதும் உண்டு. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி தன் கல்லீரல் புற்றுநோயைப் பதினெட்டு மாதம் வெளியே சொல்லவில்லை. 2016 ஜனவரி 8, தன் 69ஆவது பிறந்தநாளில் ஆல்பம் வெளியிட்டார், 10ஆம் தேதி இறந்தார், சடங்கு எதுவும் இல்லாமல் தகனம் நடந்தது. ரசிகர்களை ஏமாற்றிவிட்டார் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர் நமக்குக் கொடுக்க நினைத்ததை, பாட்டை, கொடுத்துவிட்டுத்தான் போனார். குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரிக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. 1990 பிப்ரவரியில் பிரிட் என்ற பிரிட்டிஷ் இசை விருது மேடையில் மெலிந்து தெரிந்த நாளிலிருந்து பத்திரிகைகள் விடவே இல்லை. லண்டன் கென்சிங்டனில் அவருடைய கார்டன் லாட்ஜ் வீட்டு வாசலில் புகைப்படக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். 1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விட்டார், அடுத்த நாள் இரவு போய்விட்டார், 45 வயது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று இப்போது சொல்வது எளிது. அந்த வருடங்களில் அந்த நோயின் பெயரை இங்கிலாந்துப் பத்திரிகைகள் எப்படித் தலைப்பில் போட்டன என்பதைப் பார்த்த யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் மனைவி லிண்டா 1998 ஏப்ரலில் இறந்தபோது கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இறந்தார் என்று குடும்பத்தின் செய்தித் தொடர்பாளர் சொன்னார். உண்மையில் அரிசோனாவில், குடும்பத்தின் பண்ணை வீட்டில். பால் மெக்கார்ட்னியும் பிள்ளைகளும் நிம்மதியாக அழுதுவிட்டு ஊர் திரும்ப அந்த ஒரு பொய் தேவைப்பட்டது. நிருபர்கள் சாண்டா பார்பராவில் மரணச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் பத்திரிகைகள் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்று நம்புவதையும் விட வேண்டும். 2014 ஆகஸ்ட் 14 அன்று பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் வீட்டில், பெர்க்‌ஷயரில் சன்னிங்டேல் என்ற இடத்தில், தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ் சோதனை போட்டது. 1940இல் நம் லக்னோவில் பிறந்தவர் இவர், அப்போது 73 வயது. பழைய பாலியல் புகார் ஒன்று. அதை நேரலையில் காட்டியது பிபிசி. ஹெலிகாப்டரில் மேலே நின்று, ஜன்னல் வழியாக, உள்ளே போலீஸ்காரர்கள் நடமாடுவதைக்கூடக் காட்டினார்கள். கிளிஃப் போர்ச்சுகலில் இருந்தார், தன் வீடு சோதனை போடப்படுவதை டிவியில்தான் பார்த்தார். அவரைக் கைது செய்யவே இல்லை. 2016 ஜூனில் போதுமான ஆதாரம் இல்லை, வழக்கு இல்லை என்று அரசு வழக்குத் தொடரும் துறை சொல்லிவிட்டது.

போலீஸ் வீட்டுக்குள் போகிறது என்றால் ஏதோ இருக்கும் என்று நினைப்பது மனித சுபாவம், அதனால்தான் ஹெலிகாப்டர் படம் அவ்வளவு ஆபத்து. இரண்டு வருடம் கழித்து வரும் ஒரு பத்தி மறுப்பு அந்தப் படத்தை அழிக்காது. கிளிஃப் போலீஸ், பிபிசி இரண்டின் மேலும் வழக்குப் போட்டார். போலீஸ் முதலிலேயே 4 லட்சம் பவுண்ட் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 2018 ஜூலையில் நீதிபதி மான் பிபிசி அவருடைய அந்தரங்க உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்து 2,10,000 பவுண்ட் இழப்பீடு நிர்ணயித்தார். அதில் 20,000 பவுண்ட் எதற்குத் தெரியுமா? இந்தச் செய்தியைச் சிறந்த ஸ்கூப் விருதுக்கு, அதாவது மற்றவர்களை முந்திக் கொடுத்த செய்திக்கான விருதுக்கு, பிபிசி அனுப்பியதற்காக. குற்றம் சாட்டப்படுவதற்கு முன், விசாரணையில் இருப்பவருக்கு அந்தரங்கம் உண்டு என்பதை 2022இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் உறுதி செய்தது.

சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990இல் கோர்டன் கே என்ற நடிகர் மூளை அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரி அறையில் கிடந்தபோது சண்டே ஸ்போர்ட் பத்திரிகை ஆட்கள் உள்ளே புகுந்து படம் எடுத்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்று ஒன்று கிடையாது, நாங்கள் என்ன செய்ய என்று மேல்முறையீட்டு நீதிபதிகளே வருத்தத்தோடு சொன்னார்கள். 2000இல் மனித உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று அங்கே பத்திரிகை ஆசிரியர்களின் விதிமுறையில் உடல்நலம், துக்கம், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு எழுதியிருக்கிறது. அதனால் ‘பிரபலம் என்றால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்பது சட்டப்படியும் தவறு. மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்பதும் அப்படியே. பாடகர் எல்டன் ஜானைப் பற்றி 1987இல் தி சன் பத்திரிகை எழுதிய பொய்களுக்கு அடுத்த ஆண்டு 10 லட்சம் பவுண்ட் கொடுத்து முதல் பக்கத்தில் மன்னிப்பு போட்டது. இன்றும் அந்தப் பழைய பொய்களைக் கேள்விப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அன்றும் இன்றும்’ என்று 25 வயதுப் படத்தையும் 78 வயதில் மளிகைக் கடை வாசலில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் செய்தி எதுவும் இல்லை.

ரசிகர் பக்கம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது, குடும்பமே பேசும்போது அதிலிருந்து எழுதுங்கள். 2018 ஜனவரியில் டாம் பெட்டியின் மரணக் காரணத்தை அவருடைய குடும்பமே வெளியிட்டது. இடுப்பு எலும்பு முறிவோடு, வலி மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்திருக்கிறார், தெரியாமல் அளவு மீறியிருக்கிறது. வலி நிவாரணி மருந்துகளின் நெருக்கடி பற்றி ஒரு பேச்சு தொடங்கட்டும் என்று அவர்களே எழுதினார்கள். என்ன சொல்ல வேண்டும், எதற்காகச் சொல்கிறோம் என்று மூன்றரை மாதம் யோசிக்க அவர்களுக்கு நேரம் கிடைத்திருந்தது. மலிபு வீட்டு வாசலில் நின்று ஊகித்தவர்கள் யாருக்கும் அந்த இடுப்பு எலும்பு பற்றித் தெரியாது.