குளுவாங்கில் புதிதா? இருட்டில் செம்பனைக்கு நடுவே வண்டி ஓட்டுவது பற்றி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் வந்து இறங்கினால் ஆளாளுக்கு ரயில் நிலையக் காப்பியைப் பற்றிச் சொல்வார்கள், குனோங் லம்பாக் மலையைப் பற்றிச் சொல்வார்கள். ரோட்டில் படுத்துக் கிடக்கும் மாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பழகிப்போன சங்கதி.

நான் வந்த இரண்டாவது மாதம், பக்கத்து ஊரான காஹாங்கிலிருந்து இரவு திரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். இடப்பக்கத்திலிருந்து ஒரு காட்டுப்பன்றி ஓடி வந்து ரோட்டைக் கடந்தது. பிரேக் போட்டேன், அது தப்பித்தது. அப்பாடா என்று மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் தாமதம், பின்னாலேயே வந்த இன்னொன்று என் மைவி காரின் மூக்கில் வந்து மோதியது. பம்பர் போனது, ரேடியேட்டர் உடைந்து பச்சைத் தண்ணீர் தாரில் வழிந்தது. மறுநாள் பக்கத்து வீட்டு ஐயாவிடம் சொன்னேன். தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். "பன்னி என்னைக்குத் தம்பி தனியா வந்திருக்கு?" என்றார்.

இந்த ஊரில் நான் படித்த முதல் பாடம் அதுதான். ஒன்று கடந்து போனால் வேகத்தைக் கூட்டாதீர்கள், இன்னும் குறையுங்கள். பன்றியும் குரங்கும் மாடும் யானையும் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும். தாய் கடந்துவிடும், குட்டி இந்தப் பக்கமே நின்று முழிக்கும்.

அடுத்தது கடிகாரம். நம் ஊரில் காலை ஆறு மணிக்கு வெளிச்சம் வந்துவிடும். இங்கே வராது. 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதனால் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடியும், மாலையிலும் ஏழை ஒட்டித்தான் இருட்டும். தோட்டத்துப் பெரட்டுக்கோ (காலை ஆள் கணக்கெடுப்பு) முதல் ஷிப்டுக்கோ ஐந்தரைக்குக் கிளம்புகிறவர், காலைதானே என்று நினைத்துக்கொண்டு நடு இரவில் ஓட்டுவது போலத்தான் ஓட்டுகிறார். மிருகங்கள் இரை முடித்துக் காட்டுக்குத் திரும்பும் நேரமும் அதுதான்.

வேகக் கணக்கை ஒரு முறை மனதில் போட்டுக்கொண்டால் போதும். பத்து பகாட்டிலிருந்து குளுவாங், காஹாங் வழியாக மெர்சிங் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகைச் சாலையில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தாலும் அதற்குள் 37 மீட்டர் போய்விடும். அப்புறம் காய்ந்த ரோட்டிலேயே நிற்க இன்னொரு 45 மீட்டராவது வேண்டும். தாழ்ந்த விளக்கு வெளிச்சமோ ஏறக்குறைய 50 மீட்டர்தான். அதாவது மாடு கண்ணில் படும்போதே மோதல் முடிவாகிவிட்டது. அறுபதில் போனால் மொத்தமாக 45 மீட்டரில் நின்றுவிடலாம். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் ரோடு நனைந்திருந்தால் அதையும் குறைக்க வேண்டும். பின்னால் வருகிறவன் லைட் அடிப்பான், அடிக்கட்டும். இடப்பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள், அவனும் உங்களுக்கு முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு போவான்.

எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போட்டு ஓரங்களைப் பாருங்கள். மாட்டின் கண், மூசாங் எனும் மரநாயின் கண் எல்லாம் பளிச்சென்று மின்னும். பன்றியின் கண் மின்னாது, அதை நம்பி ஏமாறக் கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் சிம்பாங்கில், அதாவது முச்சந்தியில், உதிரிப் பழம் சிதறிக் கிடக்கும். அது பன்றிக்கும் குரங்குக்கும் பந்தி விரித்த மாதிரி. தெனுக் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் தாப்பிர் இன்னொரு தினுசு. முன்பக்கமும் கால்களும் கறுப்பு, முதுகும் வயிற்றுப் பக்கமும் வெள்ளை. பகலில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இருட்டில் கறுப்புப் பாதி மறைந்துவிடும், மீதி ஏதோ வெள்ளை மூட்டை கிடப்பது போலத் தெரியும். மூட்டைதானே என்று போகாதீர்கள், 300 கிலோ இருக்கும்.

மாடு காட்டு மிருகம் இல்லை, ஆனால் நான் அதிகம் பயப்படுவது மாட்டுக்குத்தான். செம்பனைக்கு அடியில் புல் மேயவிட்ட மாடுகள் இரவில் தாரின் சூட்டுக்கு ரோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். ஹாரன் அடித்தாலும் எழாது. காப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. புதிதாக வந்த தம்பிகள் பலருக்கு அதுதான் முதல் வண்டி. ஷிப்டு முடிந்து தனியாகப் பறக்காமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து, இடைவெளி விட்டு, மெதுவாக வாருங்கள்.

குறுக்கே ஏதாவது வந்தால் நேராகப் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். உடும்பைக் காப்பாற்றப் போய் லொங்காங்கில், அதாவது ரோட்டோரச் சாக்கடையில், விழுந்தவர்கள் உண்டு. இந்தப் பக்கம் ஆழமான லொங்காங், அந்தப் பக்கம் எதிரே வரும் லோரி. சின்ன மிருகத்துக்காக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாவம்தான், என்ன செய்வது.

யானைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் காஹாங் ஒரு வாசல். காட்டை ஒட்டிய தோட்டங்களில் மறுநடவு செய்த இளம் செம்பனைக் குருத்தைத் தின்ன யானைகள் இறங்கி வரும். மஞ்சள் பலகையில் 'ஆவாஸ்' என்றால் எச்சரிக்கை, 'லிந்தாசான் காஜா' என்றால் யானை கடக்கும் இடம். காஜா என்பது நம் கஜம்தான், மறக்காது. பலகையைவிட நம்பகமானது ரோட்டில் கிடக்கும் பச்சைச் சாணமும் ஒடிந்து கிடக்கும் மட்டையும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள். விளக்கைத் தாழ்த்துங்கள், ஹாரன் வேண்டாம், இன்ஜினை அணைக்க வேண்டாம், செல்போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கவே வேண்டாம். இரண்டு பக்கச் சிக்னலையும் போட்டுவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். கூட்டத்துக்கு நடுவே புகுந்து போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2025 மே 11, அன்னையர் தினத்தன்று அதிகாலை, வடக்கே கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் கோழி ஏற்றி வந்த லோரியில் ஒரு குட்டி யானை அடிபட்டு அடியில் சிக்கிச் செத்தது. தாய் யானை அந்த லோரியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு அங்கேயே நின்ற வீடியோவை நாடே பார்த்தது.

சரி, மோதிவிட்டது. முதலில் வண்டியை ஓரங்கட்டி முக்கோணத்தை வையுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 999. காட்டு மிருகம் என்றால் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறைக்கு 1-800-88-5151. அடிபட்டுக் கிடப்பதன் பக்கத்தில் போகாதீர்கள், வலியில் இருக்கும் பன்றி கொம்பனுக்குச் சமம். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டியிடம் சாவியைக் கொடுத்துவிடாமல் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டிச் செலவு உங்கள் தலையில்தான். முழுக் காப்புறுதி இருந்தாலும், பம்பர் மாதிரிச் சின்னச் சேதத்துக்குக் கேட்பதற்கு முன் யோசியுங்கள். கேட்டால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் என்சிடி கழிவு போய்விடும். காருக்கு ஐந்து ஆண்டு சேர்த்துவைத்தவருக்கு அது 55 சதவீதம்.

இன்னொன்று. அன்று பக்கத்து வீட்டு ஐயா, எனக்கு அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால் கேட்டது, "பன்னியை எங்க போட்டுட்டு வந்த?" என்றுதான். அவர் காலம் வேறு. இப்போது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் வருகிறது. உரிமம் இல்லாமல் அதன் இறைச்சியை வைத்திருந்தால் சிக்கல்தான். கார் டிக்கியில் ஏற்ற யாராவது ஆசை காட்டினாலும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.